கேமை விற்பது கேமா, விளம்பரமா? மட்டக்களப்புப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடிப் பக்கம் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற வேலை எனக்கு. வின்டோஸ் போட வருகிற பொடியன்களும் போன் திருத்த வருகிற தாய்மாரும் காத்திருக்கும் நேரத்தில் கேட்பதில் பாதி கேம் பற்றியதாகத்தான் இருக்கும். எது நல்ல கேம் என்பதைவிட, எல்லாரும் பேசுகிற கேமை வாங்கலாமா என்பதுதான் அதிகம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

ஹைப் என்பதும் விளம்பரம் என்பதும் ஒன்றுதானே அண்ணா?

இல்லை. விளம்பரத்துக்கு கொம்பனி காசு கொடுக்கிறது. ஹைப் என்பது கேம் வருவதற்கு முன்பே கிளம்புகிற பேச்சும் எதிர்பார்ப்பும். அதை வளர்ப்பதற்கு நாம் நேரம் கொடுக்கிறோம், அதுவும் சும்மா.

ஜி.டி.ஏ. 6 (கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ என்ற பிரபல கேம் தொடரின் அடுத்த பகுதி) கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. நீளம் ஒன்றரை நிமிடம். ஒரே நாளில் யூரியூபில் 9 கோடிக்கு மேற்பட்ட தடவை பார்க்கப்பட்டது. அதன் பிறகு ரொக்ஸ்டார் கொம்பனி ஒரு வருடத்துக்கு மேல் இரண்டாவது ட்ரெய்லரை விடவே இல்லை. விடவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ரசிகர்கள் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து வீடியோ போட்டார்கள். நிலாவின் பிறையை வைத்து அடுத்த ட்ரெய்லர் எப்போது வரும் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. கேம் வெளிவருவது முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே, அதன் பிறகு 2026 நவம்பர் என்று தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு தள்ளிவைப்பும் உலகம் முழுக்கச் செய்தியானது. விளம்பரம் என்று பார்த்தால் அதற்குச் சல்லிக்காசு செலவில்லை.

ஆனால் இரண்டும் போய்ச் சேருகிற இடம் ஒன்று. நீங்கள் கேமை விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் காசு கைமாற வேண்டும். கீழே வருகிற பதில்களில் இதைத்தான் பல கோணங்களில் சொல்லப்போகிறேன்.

விளம்பரத்துக்கு உண்மையிலேயே அவ்வளவு கொட்டுகிறார்களா?

2009-இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி மொடர்ன் வோர்ஃபேர் 2-ஐ உருவாக்க 4 கோடியிலிருந்து 5 கோடி டொலர் வரை போனதாக அப்போது செய்தி வந்தது. விளம்பரம், டிஸ்க் அச்சடித்தல், விநியோகம் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கு 20 கோடி டொலர். கேமைச் செய்ததைவிட அதைக் கடைக்குக் கொண்டுவந்து கூவி விற்றதற்குத்தான் பல மடங்கு செலவு.

ஏன் என்றால், பெரிய கேம்களுக்கு முதல் சில வாரங்களில்தான் முழு விலையும் கிடைக்கும். பிறகு விலை இறங்கும், தள்ளுபடி வரும், பழைய டிஸ்க் கைமாறும். 2013 செப்டெம்பரில் ஜி.டி.ஏ. 5 வந்து 3 நாளில் 100 கோடி டொலர் விற்பனை பார்த்தது. அந்த 3 நாளில் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்தான் முடிவெடுத்திருந்தார்கள். அது நல்ல கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ட்ரெய்லரில் பார்த்தது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று. ஏன்?

ட்ரெய்லரைச் செய்கிற நேரத்தில் பல சமயம் கேமே இருக்காது. 2005-இல் சோனி காட்டிய கில்சோன் 2 வீடியோவைப் பார்த்து, அவர்களுடைய புது கேம் மெஷினான பி.எஸ். 3-இல் கேம் இப்படித்தான் ஓடும் என்று உலகமே நம்பியது. பிறகுதான் அது முன்கூட்டியே தயாரித்த அனிமேஷன் என்று தெரியவந்தது. கேம் வர 2009 ஆனது.

இன்னொரு வகை, ஒரே ஒரு பகுதியை மட்டும் சக்திவாய்ந்த கம்ப்யூட்டரில் மெருகேற்றிக் காட்டுவது. 2012-இல் வோட்ச் டோக்ஸ் காட்டியபோது இருந்த வெளிச்சமும் மழையும் காற்றும் 2014-இல் வந்த கேமில் குறைந்துபோயிருந்தன. 2013-இல் வந்த ஏலியன்ஸ் கொலோனியல் மரீன்ஸ் இதைவிட மோசம். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் முறைப்பாடு போனபோது, ட்ரெய்லர்கள் இறுதிக் கேமைச் சரியாகக் காட்டவில்லை என்பதை செகா கொம்பனியே ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது வகையில் பொய்யே சொல்லமாட்டார்கள், மனதை மட்டும் தொடுவார்கள். 2011-இல் வந்த டெட் ஐலண்ட் ட்ரெய்லரில் ஒரு சிறு பிள்ளையும் குடும்பமும் சொம்பிகளிடம் (நடமாடும் பிணங்களிடம்) சிக்குவது பின்னோக்கி ஓடும். பார்த்தவர்கள் கலங்கிப்போனார்கள். கேமை வாங்கினால், கையில் கிடைத்த கட்டையால் சொம்பிகளை அடித்துக்கொண்டு திரிகிற விளையாட்டு. விற்பனைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

சைபர்பங்க் 2077 கதையை எல்லாரும் சொல்கிறார்கள். என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹைப் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

போலந்து நாட்டின் சி.டி. ப்ரொஜெக்ட் 2012-இல் இந்தக் கேமை அறிவித்தது. 2015-இல் அவர்களுடைய விட்சர் 3 பெரும் பாராட்டு வாங்கியது. அந்த நல்ல பெயர்தான் அவர்களுடைய முதல் மூலதனம். 2019 ஜூனில் நடிகர் கீனு ரீவ்ஸ் மேடையேறி, தானும் கேமில் இருப்பதாகச் சொன்னார். கைதட்டல் அடங்கவில்லை. 2020-இல் வெளியீட்டுத் திகதி ஒன்றுக்கு மூன்று தடவை தள்ளிப்போனது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்கூட்டியே காசு கட்டியிருந்தார்கள்.

கடைசியில் கேம் வெளியானது 2020 டிசம்பர் 10-இல். அதற்கு முன்பு விமர்சகர்களுக்கு கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. தாங்கள் விளையாடிய காட்சியை அவர்கள் காட்டக்கூடாது. கொம்பனி கொடுத்த வீடியோவைத்தான் போட வேண்டும். மதிப்பெண்கள் நன்றாகவே வந்தன. வெளியான பிறகுதான் பி.எஸ். 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பழைய கேம் மெஷின்களை வைத்திருந்தவர்களுக்குத் தலையில் இடி விழுந்தது. படம் மங்கல், அடிக்கடி நின்றுபோகும், ஆட்கள் அந்தரத்தில் நிற்பார்கள். ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, காசையும் திருப்பிக் கொடுத்தது. திரும்பவும் கடைக்கு வந்தது 2021 ஜூனில்.

இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கட்டாரிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அனுப்பிவைத்த, ஏற்கெனவே இன்னொருவர் பாவித்த பி.எஸ். 4 வைத்திருக்கிற பிள்ளைதான் அந்த நேரம் மாட்டிக்கொண்டது. விமர்சனம் எழுதப்பட்டது விலையுயர்ந்த கம்ப்யூட்டரில். எந்த மெஷினில் விளையாடிவிட்டு எழுதினார்கள் என்று பார்க்காமல் விமர்சனத்தைப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

ஹைப் கொம்பனியைக் கவிழ்த்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த டிசம்பர் முடிவதற்குள் 1 கோடியே 37 லட்சம் பிரதிகள் விற்றிருந்தன. பங்கு விலை விழுந்தது, முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள், உண்மைதான். ஆனால் வந்த காசில்தான் அவர்கள் வருடக்கணக்காக இருந்து கேமைத் திருத்தினார்கள். 2023-இல் 2.0 திருத்தமும் ஃபாண்டம் லிபர்ட்டி என்ற புதுப் பகுதியும் வந்த பிறகு அது உண்மையிலேயே நல்ல கேமாகிவிட்டது. 2024 முடிவில் விற்பனை 3 கோடியைத் தாண்டியிருந்தது. தண்டனை கிடைத்தது முதல் நாள் வாங்கியவனுக்குத்தான். முழு விலையும் கொடுத்து, உடைந்த கேமையும் விளையாடினான். பொறுத்திருந்தவன் குறைந்த விலையில் முழுக் கேமையும் வாங்கினான்.

நோ மேன்ஸ் ஸ்கையும் இப்படித்தானே?

ஏறக்குறைய. 2016 ஓகஸ்டில் வந்தபோது, நேர்காணல்களில் சொன்ன பல விஷயங்கள் கேமில் இல்லை. ஆனால் பிரிட்டனில் விளம்பர முறைப்பாட்டை விசாரித்தவர்கள், கடைப் பக்கத்தில் இருந்த படங்களும் வீடியோவும் ஏமாற்று என்று சொல்ல முடியாது எனத் தீர்த்தார்கள். கணக்குப்படி கிரகங்களை உருவாக்குகிற கேம் என்பதால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு காட்சிதான் கிடைக்கும். கொம்பனி பிறகு பல வருடங்களாக இலவசமாகத் திருத்தங்கள் கொடுத்து பெயரை மீட்டுக்கொண்டது. இப்படி மீள்கிறவர்கள் குறைவு என்பதால்தான் எல்லாரும் இதையே உதாரணம் காட்டுகிறார்கள்.

ஒரு கேமால் அமெரிக்காவில் கேம் தொழிலே விழுந்ததாமே?

1982-இல் அட்டாரி கொம்பனி பெரிய காசு கொடுத்து ஈ.டி. படத்தின் உரிமையை வாங்கியது. நத்தார் விற்பனைக்கு வரவேண்டும் என்று ஒரே ஆள், ஹவர்ட் ஸ்கொட் வோர்ஷோ, ஐந்து வாரமளவில் அந்தக் கேமைச் செய்துமுடித்தார். படத்தின் பெயரை நம்பி லட்சக்கணக்கில் கார்ட்ரிட்ஜ் (கேம் மெஷினில் செருகுகிற கேம் பெட்டி) அடித்தார்கள். தொடக்கத்தில் நன்றாகவே விற்றது, பிறகு நின்றுபோனது. விற்காதவற்றை 1983-இல் நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். வெகுகாலம் இது கட்டுக்கதை என்றே பலர் நினைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது கார்ட்ரிட்ஜ்கள் வெளியே வந்தன.

தொழில் விழுந்ததற்கு அந்த ஒரு கேமை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. எவரும் எதையும் செய்து கடையில் வைக்கலாம் என்றிருந்த காலம். நல்லது எது, குப்பை எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. பெட்டியின் மேலிருந்த படம்தான் ஒரே சாட்சி.

விளம்பரமே இல்லாமல் வென்ற கேம் இருக்கிறதா?

இருக்கிறது. அமங் அஸ் 2018 ஜூனில் வந்தது. இரண்டு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020-இல் எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது ஸ்ட்ரீமர்கள் (தாங்கள் விளையாடுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறவர்கள்) சிலர் கூட்டாக விளையாட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒருவரே நான்கு வருடத்துக்கு மேல் இருந்து செய்தார். வியட்நாமின் டொங் நுயென் செய்த ஃப்ளெப்பி பேர்ட் 2013-இல் வந்து, 2014 தொடக்கத்தில் திடீரென்று உலகமெங்கும் பரவியது. அந்தக் கூச்சலைத் தாங்கமுடியாமல் அவரே பெப்ரவரியில் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சோனியின் கொன்கோர்ட் 2024 ஓகஸ்ட் 23-இல் வந்தது. செப்டெம்பர் 6-இல் மூடப்பட்டு, வாங்கிய எல்லாருக்கும் காசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னால் எவ்வளவு பெரிய கொம்பனி நின்றாலும், பேசுவதற்கு ஆள் சேராவிட்டால் இதுதான் நிலை.

ஒன்றைக் கவனியுங்கள்: ‘விளம்பரமில்லாமல் வந்தது’ என்று சொல்லப்படுவதெல்லாம் அப்படியில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2019 பெப்ரவரியில் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து ஒரு வாரத்தில் 2 கோடியே 50 லட்சம் பேரைச் சேர்த்தது. முதல் நாளே பிரபல ஸ்ட்ரீமர்கள் அதை விளையாடினார்கள். அவர்களில் பலருக்குக் காசு கொடுக்கப்பட்டிருந்தது.

நான் யூரியூபில் ஒருவர் விளையாடுவதைப் பார்த்துத்தான் வாங்குவேன். அவரும் காசு வாங்கியிருப்பாரா?

வாங்கியிருக்கலாம். 2014-இல் ஷேடோ ஒஃப் மோர்டோர் வந்தபோது வோர்னர் பிரதர்ஸ் யூரியூபர்களுக்கு ஆயிரக்கணக்கில் டொலரும் இலவசப் பிரதியும் கொடுத்து, கேமைப் பற்றி நல்லதாகவே பேச வேண்டும், குறைகளைக் காட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டதாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றம் சாட்டியது. 2016-இல் சமரசத் தீர்வு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் அது நல்ல கேம். காசு கொடுக்காமலே பாராட்டு கிடைத்திருக்கும்.

தமிழில் ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கும் இதே வழிதான் வருமானம், அதில் தப்பில்லை. காசு வாங்கியதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். வீடியோவின் தொடக்கத்தில் கட்டண விளம்பரம் உள்ளது என்று சிறிய எழுத்தில் ஓடும். கீழேயிருக்கிற விவரத்தைத் திறந்து பாருங்கள். குறை ஒன்றுகூடச் சொல்லாமல் இருபது நிமிடம் பேசுகிறார் என்றால் நான் அதை விளம்பரக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இங்கே யார் கேமைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? நமக்கு ஏன் இந்தக் கதையெல்லாம்?

ஒரு காலத்தில் சரி. காப்பி அடித்த சீடியை வாங்கி, நண்பர்களுக்குள் மாற்றி மாற்றி விளையாடிய தலைமுறை எங்களுடையது. ஹைப் எங்களைக் கேமுக்கு அழைத்துவந்தது, காசு கொம்பனிக்குப் போகவில்லை.

இப்போது காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் பிள்ளைகள் விளையாடுவது போனில், இலவசமாக. கொம்பனிக்காரன் இதை யோசிக்காமல் விட்டிருப்பானா? இலவச கேமில் பெரும்பாலானோர் ஒரு சதம்கூடச் செலவழிப்பதில்லை. சிறிய கூட்டம்தான் காசு கொடுக்கிறது. செலவழிக்காத மற்றவர்கள் எதற்கு என்றால், காசு கொடுத்தவன் கேமுக்குள் வாங்கிய புது உடுப்பைக் காட்டுவதற்கு ஆள் வேண்டுமே. அதாவது உங்கள் மகன் காசு கொடுக்காமல் விளையாடினாலும் அவன்தான் அங்கே விளம்பரப் பலகை.

மகன் ஃப்ரீ ஃபயருக்கு டயமண்ட் வேண்டும் என்று கொமினிகேஷன் கடைக்கு ஓடுகிறான். வாப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று என்னிடம் கெஞ்சுகிறான். என்ன செய்வது தம்பி?

முதலில், கோபப்பட்டுப் போனைப் பறிக்க வேண்டாம். பிறகு அவன் கடன் வாங்கி டாப்அப் செய்வான்.

அந்தக் கேமைச் சிங்கப்பூரின் கரீனா கொம்பனி 2017-இல் வெளியிட்டது. பதிவிறக்கக் காசில்லை, பழைய போனிலும் ஓடும். 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து க்ரோனோ என்றொரு பாத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பந்து விளையாடுகிற பிள்ளைகள் உள்ள எந்த ஊரிலும் இதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை.

ஹைப் இங்கே கடிகாரத்தோடு வருகிறது. இந்த உடுப்பு இன்னும் மூன்று நாள் மட்டும், இந்தப் பரிசுச் சக்கரம் இன்றிரவு வரை மட்டும் என்று எண்கள் குறைந்துகொண்டே போகும். வகுப்பில் ஒருவன் வாங்கிவிட்டால் மற்றவனுக்கு நித்திரை வராது. நேரடியாக ரூபாயில் விலை போட்டால் யோசிப்பார்கள் என்பதற்காகத்தான் டயமண்ட் என்ற கேம் நாணயத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே மகனிடம் எத்தனை டயமண்ட் என்று கேட்காதீர்கள், எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். ஒரு கொப்பியில் அவனையே எழுதவையுங்கள். மாத முடிவில் கூட்டிப் பார்க்கும்போது வாப்பா திட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

போனில் ப்ளே ஸ்டோர் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கார்டை அதில் பதிந்துவைக்க வேண்டாம். பாதி விலைக்கு டயமண்ட் என்று ரிக்ரொக்கில் வருகிறவர்களிடம் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் கணக்கும் போய்விடும், காசும் போய்விடும்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமில்லை. குழப்பமான பொத்தான்களை வைத்து, பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளைக் காசு செலவழிக்க வைத்ததற்காக ஃபோர்ட்நைட் நடத்துகிற எபிக் கொம்பனி 24 கோடியே 50 லட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க 2022-இல் அமெரிக்காவில் சம்மதித்தது. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கட்டித் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-இலேயே சொல்லிவிட்டது.

பேஸ்புக் விளம்பரத்தில் ஊசியை இழுத்து ஆளைக் காப்பாற்றுகிற கேம் வருகிறது. இறக்கினால் மிட்டாய் அடுக்குகிற கேம். எங்கே போனது அந்த ஊசி?

உங்களை இறக்கவைக்கத்தான் அந்த ஊசி. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் இப்படியான இரண்டு விளம்பரங்களை பிரிட்டன் 2020-இல் தடைசெய்தது. அந்த விளையாட்டு கேமுக்குள் எங்கோ சில இடத்தில்தான் இருந்தது. ஒரே கேமுக்குப் பல விதமாக விளம்பரம் செய்து, எதை அதிகம் பேர் தட்டுகிறார்கள் என்று பார்த்து அதையே ஓடவிடுவார்கள். நீங்கள் எரிச்சலோடு அழித்தாலும் சிலர் மிட்டாயோடு தங்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது போதும்.

முன்பதிவு செய்யலாமா?

வேண்டாம். கடையில் டிஸ்க் தீர்ந்துபோகும் என்று பயந்த காலத்து வழக்கம் அது. பதிவிறக்கம் செய்கிற கேம் எப்படித் தீரும்? விமர்சனங்களை வெளியீட்டு நேரம்வரை மூடிவைத்திருந்தால் இன்னும் கவனம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் 100 ஜி.பி. கேமை இறக்கிய டேட்டாவை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

ஏமாற்றப்பட்டால் இங்கே முறைப்பாடு செய்ய இடம் உண்டா?

ஊர்க் கடையில் புதியது என்று சொல்லிப் பழைய மெஷினைத் தந்தால் உண்டு. 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் போக வேண்டாம். வெளிநாட்டுக் கொம்பனியின் கேம் என்றால் வாங்கிய இணையக் கடையிலேயே திருப்பிக் கேட்பதுதான் நடைமுறையில் பலன் தரும்.

வந்தாறுமூலையில் படிக்கிறேன். நானும் நண்பனும் சின்னதாக ஒரு கேம் செய்கிறோம். விளம்பரத்துக்குக் கையில் காசில்லை. என்ன வழி அண்ணா?

ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்ட வேண்டும். கேம் முடியும்வரை அதைத் தள்ளிப்போடாமல், காட்டுவதற்கு ஏதாவது வந்த உடனேயே கட்டிப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். பார்க்கிறவர்கள் தங்கள் விருப்பப் பட்டியலில் சேர்த்தால், கேம் வருகிற நாளில் அவர்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் போகும். அந்தப் பட்டியலை வளர்ப்பதுதான் உங்கள் விளம்பர வேலை.

வீடியோவில் கொம்பனிப் பெயரும் இசையும் ஓடவிடாமல், முதல் பத்து விநாடிக்குள்ளேயே விளையாடுகிற காட்சி வரட்டும். இலவச மாதிரி ஒன்று கொடுங்கள். அரை மணித்தியாலம் விளையாடக் கிடைத்தால் போதும். பெரிய கொம்பனிகள் கொடுக்கத் தயங்குவது இதைத்தான், ஏனென்றால் விளையாடிப் பார்த்தவனிடம் ஹைப் எடுபடாது. உங்களிடம் ஹைப் இல்லை, ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. மாதிரி முடிந்ததும் கடைக்குக் கொண்டுவாருங்கள். பழைய லாப்டொப்கள் நிறையக் கிடக்கின்றன, எதில் எல்லாம் ஓடுகிறது என்று போட்டுப் பார்த்துவிடலாம்.